டார்லீனின் நூற்று நாற்பது மூட்டை

நோட்டீசைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தெருவில் போகிறவன் எல்லாம் நின்று படிக்கட்டும் என்று முன்ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

டார்லீன் ஹ்ரிசாக் அதைக் கிழித்துப் போடவில்லை. வாசலில் நின்றபடியே மூன்று தரம் படித்தாள். குளிர்கோட்டு தைக்கிற தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அதில் பதினெட்டு வருடம் சங்கப் பிரதிநிதி. மேலே இருக்கிறவன் எழுதித் தருகிற காகிதத்தை முதல் தரம் கோபப்படுவதற்காகப் படிப்பாள். இரண்டாம் தரம் என்ன சொல்கிறான் என்று பார்ப்பாள். மூன்றாம் தரம் எங்கே ஓட்டை விட்டிருக்கிறான் என்று தேடுவாள்.

காகிதம் சொன்னது இதுதான். பின்முற்றத்தில் சுமார் நூற்று நாற்பது மூட்டை தாவரக் கழிவு குவிந்து கிடக்கிறது. நவம்பர் முதல் தேதிக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நகர நிர்வாகமே ஆளும் லாரியும் அனுப்பி அகற்றும்.

"கழிவாம்!" என்றாள் டார்லீன், காலித் தெருவைப் பார்த்து.

பக்கத்து வீட்டு நார்மன் டெலோர்ம் தன் வேலிக்கு அந்தப்புறம் பனி அள்ளுகிற வாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற ரயில்வே ஆள். டார்லீனை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருடக் கணக்காகிறது.

"என்ன தலைவரே, காதல் கடிதமா?"

"ஆமா. பின்னாடி இருக்கிற இலையைத் தூக்கிக் குடுத்துட்டு வரணுமாம்."

"யார் போட்டுக் குடுத்தது?"

டார்லீன் பின்சந்துக்கு அந்தப் பக்கம் மோவாயைக் காட்டினாள். அங்கே, ட்ரென்ட் என்பவன் தன் வீட்டுப் பின்புறத்தில் போட்ட புது மரத்தளம் வீட்டு இடைவெளி வழியே தெரிந்தது. ரயில் யார்டுக்கு வடக்கே இருக்கிற இந்தப் பகுதியில் அவன் இரண்டு வருடத்தில் மூன்று வீடு வாங்கியிருந்தான். வாங்கிய வீட்டுக்கெல்லாம் சாம்பல் நிற வண்ணம், முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, பிறகு விற்பனைப் பலகை. வீடு பார்க்க வருகிறவர்கள் அந்தத் தளத்தில் நின்றால் டார்லீனின் மூட்டைகள்தான் கண்ணில் படும்.

அந்த மூட்டைகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று ட்ரென்டுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அடியில் சாப்பாடு இருந்தது. இருபது அடி நீளத்துக்கு நான்கு வரிசை கேரட், இரண்டு வரிசை பார்ஸ்னிப் என்கிற வெள்ளைக் கிழங்கு, ஓரமாகக் கொஞ்சம் நெட்டை வெங்காயம். பறிக்காமல் மண்ணிலேயே விட்டது. இந்த ஊரில் குளிர் மண்ணுக்குள் ஆறடி இறங்கும். ஜனவரியில் குழி தோண்ட வேண்டுமென்றால் முதலில் நெருப்பு மூட்டி மண்ணை இளக்க வேண்டும். ஆனால் அக்டோபரில், தரை இறுகுவதற்கு முன், முழங்கால் உயரத்துக்கு உலர்ந்த இலையைப் பரப்பி, அதன்மேல் இலை மூட்டைகளை இரண்டடுக்காக அடுக்கிவிட்டால் அடியில் இருக்கிற மண் உறையாது. மேலே பனி விழுந்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் வரை வேண்டியபோது விலக்கித் தோண்டி எடுக்கலாம். குளிர் ஏற ஏறக் கேரட்டில் இனிப்பும் ஏறும். டார்லீன் வீடும் சேர்த்து ஆறு வீட்டு அடுப்புக்குக் குளிர்காலம் முழுக்க அதுதான் போனது.

இலைக்குப் பஞ்சமில்லை. தெரு முழுக்க எல்ம் மரம். அக்டோபரில் ஊரே இலையை வாரிக் காகித மூட்டையில் கட்டிச் சந்தில் வைக்கும். நகர லாரி வந்து அள்ளும். லாரி வருவதற்கு முன்னால் டார்லீன் கைவண்டியோடு போய்விடுவாள். எட்டு வருடமாக லாரிக்கும் அவளுக்கும் பந்தயம். எட்டு வருடமும் அவள்தான் ஜெயித்தாள்.

தொழிற்சாலை மூடின அன்றுவரை அவளுக்கு மண்வெட்டியில் எது பிடி, எது முனை என்றுகூடச் சரியாகத் தெரியாது. நாட்டுக்கே குளிர்கோட்டு தைத்துக் கொடுத்த நூற்று அறுபது பெண்களை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியே அனுப்பிவிட்டு, இயந்திரங்களைக் கடல் தாண்டி ஏற்றிவிட்டார்கள். ஒன்பது வாரம் வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தும் பூட்டு திறக்கவில்லை. அதன் பிறகு நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கைத் தோட்ட முறைக்கு வகுப்பு என்று ஒரு அறிவிப்பைப் பார்த்துப் போனாள். உள்ளே ஹீட்டர் இருந்தது என்பதுதான் போனதற்குக் காரணம். தாடிக்காரன் ஒருவன் பேசினான். பாதி வெறும் பஜனை. மீதிப் பாதி அவளுக்குப் பிடித்துப்போனது. எதையும் எறியாதே. மண்ணை அம்மணமாக விடாதே. ஒரு பொருளிடம் மூன்று வேலை வாங்கு. முதலாளி நம்மிடம் வாங்கினதைத்தானே இவன் இலையிடம் வாங்கச் சொல்கிறான் என்று அவள் எழுந்து சொன்னதும் வகுப்பே சிரித்தது.

முப்பத்து மூன்றடி அகல மனையில் இருந்த புல்லையெல்லாம் அந்த வசந்தத்திலேயே அட்டைப்பெட்டி போட்டு மூடிச் சாகடித்தாள். பழச்செடிகள் நட்டாள். வேலியோரம் புளிப்புச் செர்ரியும் ஆப்பிளும். நிலவறையின் வடகிழக்கு மூலையில் பலகை அடித்து, ஜன்னல் வழியாக வெளிக்குளிரை உள்ளே விடுகிற மாதிரி ஒரு குளிர் அறை கட்டினாள். உருளைக்கிழங்கு, பீட்ரூட், ஜாடியில் ஊறுகிற முட்டைக்கோஸ் எல்லாம் அங்கே.

நோட்டீசுக்கு மறுநாளே மேல்முறையீடு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அக்டோபர் முப்பதாம் தேதி காலை மழை தூறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள்.

"பாதியையாவது தோண்டி உள்ள வை," என்றான் நார்மன். "லாரி வந்து மூட்டையை அள்ளிட்டா மொத்தமும் போச்சு. பாதி மிஞ்சினா பாதி."

"பயந்துட்டியா?"

"எனக்கென்ன பயம்? போனா உன் கேரட். ஆனா என் வீட்டு சூப்பும் அதுலதான் இருக்கு."

டார்லீன் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழகாதவள். அன்று விட்டுக்கொடுத்தாள். தெற்குப் பாதியிலிருந்து மூட்டைகளை விலக்கி, சேற்றில் முட்டிபோட்டு, இருவருமாக அந்தப் பக்கத்துக் கேரட்டைத் தோண்டினார்கள். இலை நனைந்தது. கை விறைத்தது. சாயங்காலத்துக்குள் எட்டுப் பெட்டி நிரம்பியது. குளிர் அறையில் ஈர மணலுக்குள் அடுக்கினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. மூன்று நாள் முன்புதான் ஆப்பிளையும் அதே அறையில் இறக்கியிருந்தாள். ஆப்பிளும் கேரட்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஆப்பிள் மூச்சு விட்டால் கேரட் கசக்கும். வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து ஊருக்கே சொன்னவள் அவள். நாளைக்கு ஆப்பிளை மாடிப்படிக்கு அடியில் மாற்றிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் நகர நிர்வாகத்தின் கடிதம் வந்தது. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டோம், விசாரணை டிசம்பரில், அதுவரை மூட்டையைத் தொட மாட்டோம்.

அவசரப்பட்டுத் தோண்டினதெல்லாம் வீண். அந்த ஆத்திரத்தில் அவளுக்கு ஆப்பிள் மறந்தே போனது. விசாரணைக்குச் சட்டப் புத்தகத்தை நகல் எடுத்துப் படிப்பதிலேயே மூன்று வாரம் ஓடியது.

நவம்பர் கடைசியில் சூப்புக்கு ஒரு கேரட்டைச் சீவி வாயில் போட்டாள். துப்பினாள். இன்னொரு பெட்டியில் எடுத்தாள். அதுவும் அப்படியே. எட்டுப் பெட்டியும் கசப்பு.

நார்மன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "மாத்திரையைக் கடிச்ச மாதிரி இருக்கு தலைவரே. குப்பையில கொட்டிடு."

"கொட்ட மாட்டேன். நானே தின்னு தீர்ப்பேன். வேற யாருக்கும் ஒண்ணுகூடக் குடுக்க மாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பயந்து பின்வாங்கினது நான். தின்ன வேண்டியதும் நான்தான். நல்லதெல்லாம் அந்த வடக்குப் பாதியில இருக்கு. இனிமே அதுல ஒரு மூட்டையைக்கூட எவனும் தொட முடியாது."

சொன்னபடியே அந்தக் கசப்பை வெண்ணெயும் பூண்டும் போட்டு வதக்கி, தினம் ஒரு தட்டு தின்றாள்.

விசாரணை நகர மன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள். ஓரத்தில் ஆய்வாளர் கெல்சி, முப்பது வயதுகூட ஆகாத பெண், மடியில் கோப்பு. ட்ரென்ட் முன்வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"எலி வருது. நாத்தமடிக்குது. வீடு பாக்க வர்றவங்க மூஞ்சைத் திருப்பிக்கிறாங்க," என்றான் ட்ரென்ட்.

"உலர்ந்த இலை நாறாது," என்றாள் டார்லீன். "எலியை எப்ப பார்த்தீங்க?"

"பார்க்கணும்னு அவசியமில்ல. இருக்கும்."

"அப்ப உங்க வீட்டுக்கடியில முதலை இருக்குன்னு நான் ஒரு மனு குடுக்கட்டுமா?"

நடுவில் இருந்த தலைவர் மேசையைத் தட்டினார். "மேடம், விஷயத்துக்கு வாங்க."

டார்லீன் நகலை எடுத்து வைத்தாள். "பதினாலாவது பிரிவு. மண்ணுல இருக்கிற உணவுப் பயிரும், அதைக் காப்பாத்த மேல போடுற மூடாக்கும் கழிவு ஆகாது. நீங்க எழுதினது. நான் எழுதினதில்ல."

"அது சரி மேடம். ஆனா இது டிசம்பர். பயிர் எங்க இருக்கு?"

"மூட்டைக்கு அடியில."

"வெளிய மைனஸ் இருபத்தி நாலு."

"வெளியதான் மைனஸ் இருபத்தி நாலு. அடியில இல்ல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். குரல் இனிப்பாகிவிட்டது. டார்லீனுக்கு அந்தக் குரல் பழக்கம். கையெழுத்து கேட்கிறவன் எல்லாம் அந்தக் குரலில்தான் பேசுவான்.

"இந்த வருஷம் மூட்டை இருந்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷத்துலேர்ந்து குவிக்க மாட்டேன்னு ஒரு உறுதிமொழி. கீழ ஒரு கையெழுத்து. இத்தோட முடிச்சுக்கலாம்."

பின்வரிசையிலிருந்து நார்மன் மெல்லத் தலையாட்டினான். போட்டுவிடு என்று அர்த்தம்.

டார்லீன் பேனாவைத் தொடவில்லை. "இந்த வருஷம் சரின்னா அடுத்த வருஷமும் சரிதானே? தப்புன்னா இப்பவே தப்புன்னு சொல்லுங்க. நடுவுல என் கையெழுத்து எதுக்கு?"

"பிடிவாதம் பிடிக்காதீங்க மேடம்."

"அக்டோபர்ல ஒரு நாள் பிடிவாதத்தை விட்டேன். இன்னும் வாயில கசக்குது."

அவர்களுக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து தீர்ப்பைப் படித்தார்கள். ஜனவரி பத்தாம் தேதி ஆய்வாளர் வருவார். விரும்பிய இடத்தில் மூட்டையைத் திறந்து பார்ப்பார். அடியில் உயிருள்ள பயிர் இருந்தால் மூடாக்கு இருக்கலாம், இனி வருகிற வருடங்களிலும். உறைந்து செத்திருந்தால் அது கழிவு. ஆளும் லாரியும் அன்றைக்கே தயாராக நிற்கும்.

வெளியே வந்ததும் நார்மன் கேட்டான். "உயிரோட இருக்குமா?"

"இருக்கணும்."

"இருக்குமான்னு கேட்டேன்."

டார்லீனுக்குத் தெரியாது. அதுதான் சங்கடம். மற்ற வருடங்களில் சந்தேகமே வந்ததில்லை. இந்த வருடம் தெற்குப் பாதியைத் திறந்துவிட்டாள். ஒரு பக்கம் சுவர் இடிந்த வீடு மாதிரி, மீதிப் பாத்தியின் அந்த ஓரம் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றது. விலக்கின மூட்டைகளைத் திரும்ப அணைத்து வைத்திருந்தாள்தான். ஆனால் அவை மழையில் நனைந்தவை. நனைந்த இலை குளிரைத் தடுக்காது, தானே பாறையாகிவிடும். திறந்து பார்க்கவும் வழியில்லை. திறந்தால் அந்த இடத்தில் குளிர் இறங்கிவிடும். நம்பிக்கையைத் தவிர கையில் வேறொன்றும் இல்லாமல் ஐந்து வாரம் ஓட்டினாள். அது அவளுக்குப் பிடிக்காத விஷயம்.

ஜனவரி பத்து. காலை பதினோரு மணிக்கு மைனஸ் முப்பத்தொன்று. மூக்கு மயிர் உறைகிற குளிர். லாரி சந்தில் இன்ஜினை அணைக்காமல் நின்றது. டுவெய்ன் என்ற மேஸ்திரியும் கூட ஒரு ஆளும் இறங்கினார்கள். கெல்சி முழங்கால் வரை பனியில் நடந்து வந்தாள். ட்ரென்ட் தன் மரத்தளத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றான்.

"எங்க திறக்கச் சொல்லட்டும்?" என்றாள் கெல்சி.

"தீர்ப்புல உன் இஷ்டம்னு போட்டிருக்கு. உன் இஷ்டம்."

கெல்சி நடக்கத் தோதாகப் பாதை இருந்த பக்கம் கையைக் காட்டினாள். தெற்கு ஓரம். நார்மன் கண்ணை மூடிக்கொண்டான்.

டுவெய்ன் மூட்டையை இழுத்தான். வரவில்லை. காலால் உதைத்துப் பெயர்த்தான். உள்ளே இலை கறுப்புப் பனிக்கட்டியாக இருந்தது. நான்கு பல் தோண்டுகோலை ஓங்கிக் குத்தினான். டங் என்றது. இன்னொரு தரம். டங். மண்ணில் நகம் அளவுகூடப் பள்ளம் விழவில்லை.

"அவ்ளோதான்!" ட்ரென்ட் அங்கிருந்தே கத்தினான். "அள்ளுங்கப்பா!"

கெல்சி பேனாவை எடுத்தாள். குளிரில் மை வரவில்லை. பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடுபடுத்தினாள்.

"கொஞ்சம் இரு," என்றாள் டார்லீன். "தீர்ப்பை எடு. எத்தனை இடம் திறக்கணும்னு எழுதியிருக்கு?"

"எண்ணிக்கை இல்ல."

"ஒரே ஒரு இடம்னு எழுதியிருக்கா?"

கெல்சி உதட்டை அசைத்துப் படித்தாள். "இல்ல."

"அப்ப இன்னொண்ணு திற. அதையும் நீயே சொல்லு. நான் சொன்னா, முன்னாடியே மறைச்சு வெச்சிருந்தேன்னு அந்த ஆளு சொல்லுவான்."

கெல்சி குவியலைச் சுற்றி வந்தாள். நீளத்தைக் கண்ணால் அளந்தாள். வடக்குப் பாதியின் நடுவில் ஏறி நின்று குதிகாலால் தட்டினாள். "இங்க."

இந்தத் தரம் டார்லீன் டுவெய்னை விடவில்லை. தானே ஏறினாள். பனியைத் தள்ளினாள். மேல் மூட்டை சுலபமாகப் பெயர்ந்தது. அடி மூட்டையும் வந்தது. உதிரி இலை சரசரத்தது. காய்ந்த இலையின் சத்தம். கையால் விலக்கினாள். அடியில் ஈர மண் கறுப்பாகத் தெரிந்தது. தோண்டுகோலை வைத்து மிதித்தாள். பிடி வரை இறங்கியது.

நெம்பினாள். ஐந்தாறு கேரட் ஒன்றாக எழுந்து வந்தன. தலையில் வெளிறின மஞ்சளாக விரல் நுனி அளவு துளிர்.

கெல்சி கையுறையைக் கழற்றிவிட்டு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "குளிரவே இல்லையே."

"குளிருது. உறையல. அவ்ளோதான் வித்தியாசம்."

டுவெய்ன் ஒரு கேரட்டைப் பேன்ட்டில் துடைத்துக் கடித்தான். நொறுங்குகிற சத்தம் சந்து வரை கேட்டது. "ஐயோ, சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு. மேடம், எழுதிக்கங்க. இது உயிரோடதான் இருக்கு."

"பாதி உறைஞ்சிருக்கே!" என்றான் ட்ரென்ட். "அந்தப் பாதி கழிவுதானே?"

கெல்சி தயங்கினாள். "உறைஞ்ச ஓரத்தை மட்டும் எடுக்கலாம்னு..."

"எடுக்கட்டும்," என்றாள் டார்லீன். "தாராளமா."

டுவெய்னின் ஆள் தெற்கு ஓரத்தில் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். இலைப் பாறையிலிருந்து சில்லுகூடத் தெறிக்கவில்லை. ஐந்தாவது அடியில் கைப்பிடி விரிசல் விட்டது.

"இதை இளக வெச்சு எடுக்கணும்னா மே மாசம் ஆகும் மேடம்," என்றான் டுவெய்ன்.

"மே மாசம் வாங்க," என்றாள் டார்லீன். "நீங்க வர்றதுக்குள்ள, இளக இளக அதைப் பாத்தி பூராப் பரப்பி விதை போட்டிருப்பேன். கழிவுன்னு எதை அள்ளுவீங்கன்னு பார்க்கிறேன்."

ஒருவழியாக மை இறங்கியதும் கெல்சி எழுதினாள். உயிருள்ள பயிர் காணப்பட்டது. மூடாக்கு அனுமதிக்கப்படுகிறது. கையெழுத்திட்டு நகலைக் கிழித்துக் கொடுத்தாள். டார்லீன் மூன்று தரம் படித்தாள். மடித்து உள்பையில் வைத்தாள். லாரிக்காரர்கள் கிளம்பத் திரும்பினார்கள்.

"எங்க போறீங்க?"

"வேலை முடிஞ்சுது மேடம்," என்றான் டுவெய்ன்.

"முடியல. திறக்கச் சொன்னது நீங்க. பத்து நிமிஷமா என் மண்ணு திறந்து கிடக்கு. குளிர் இறங்கிட்டிருக்கு. மூடிட்டுப் போங்க."

"எங்களுக்கு எடுக்கத்தான் உத்தரவு. வைக்கிறதுக்கு இல்ல."

டார்லீன் கெல்சியிடம் திரும்பினாள். "உயிரோட இருக்குன்னு இப்பதான் எழுதின. இன்னும் கால் மணி நேரத்துல செத்துப்போச்சுன்னா, கொன்னது யாருன்னும் கீழ எழுதிடு. தேதி போட்டு."

சந்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ட்ரென்ட் காப்பியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கெல்சி கோப்பினைப் பனியில் வைத்துவிட்டு, குனிந்து, ஒரு இலை மூட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள். அதைப் பார்த்துவிட்டு டுவெய்ன் முனகிக்கொண்டே இன்னொன்றைத் தூக்கினான். நார்மன் வேலியைத் தாண்டி வந்து சேர்ந்துகொண்டான்.

டார்லீன் குவியலின்மேல் ஏறி நின்றாள்.

"அப்படி இல்ல. முதல்ல உதிரி இலை. முழங்கால் உயரம். அதுக்கப்புறம்தான் மூட்டை," என்றாள். "டுவெய்ன், மூட்டை வாயைக் கீழ பார்த்து வை. மேல பார்த்தா பனி உள்ள போயிடும்."